அலைவாயில் நன்னீர்

திருச்செந்தூரில் வழிபாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கடலில் முழுக்கு. பிறகு ஈரத்துணியோடு தெற்கே நடந்து நாழிக்கிணற்றில் நீராட்டு. அதற்கப்புறம்தான் சன்னதி. முதன்முறை வருகிற வெளியூர்க்காரர்கூட இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தோடு நடந்தால் கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். சூரசம்ஹாரம், ராஜகோபுரம், பன்னீர் இலைத் திருநீறு, கடலிலிருந்து மீண்ட திருமேனி என்று இத்தலத்தைப் பற்றி மலர்களில் நிறைய எழுதியாயிற்று. 2025 ஜூலை 7 அன்று நடந்த திருக்குடமுழுக்கை ஒட்டி அவையெல்லாம் மீண்டும் நினைக்கப்பட்டன. கடலுக்கும் கருவறைக்கும் நடுவில் நிற்கும் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் எழுதக் காணோம். கோயில் இங்கே நிலைத்ததற்கும் தண்ணீர் இங்கே இனித்ததற்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது என்பது என் துணிபு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஊற்றும் வழிபாடும் ஒன்றையொன்று தேடிக்கொள்வது நம் நாட்டோடு நிற்பதில்லை. ஜப்பானில் கினொசாகி என்று ஓர் ஊர். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது. தோச்சி என்ற பௌத்தத் துறவி ஆயிரம் நாள் இடைவிடாமல் ஓதியதன் பயனாக 720இல் அங்கே வெந்நீர் பீறிட்டது என்பது அவ்வூர் மரபு. 738இல் அந்த ஊற்றைக் காக்கும் கோயிலாக ஓன்சென்ஜி எழுந்தது. பழைய நாளில் குளிக்க வந்தவர்கள் நேரே ஊற்றுக்குப் போய்விட முடியாது. முதலில் கோயிலுக்குப் போய் வணங்கி, குளிக்கும் முறையைக் கேட்டறிந்து, நீர் மொள்ளும் அகப்பையை அங்கே வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நோய் தீர வாரக்கணக்கில் தங்கி நீராடுவதும் அந்நாட்டில் நெடுநாள் வழக்கம்.

அங்கே கோயில் முதலில், குளியல் பிறகு. நம்மிடம் குளியல் முதலில். பத்ரிநாத்தில் தப்த குண்டத்தின் வெந்நீரில் மூழ்கி எழுந்த பிறகே பத்ரி நாராயணனைக் காணப் படியேறுகிறார்கள். மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், திருக்கோணமலையை அடுத்த கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன; சூடு ஒன்றுக்கொன்று வேறுபடும். இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் கழிக்க உண்டாக்கியவை என்று அங்குள்ள தமிழர் சொல்வார்கள். இன்றும் அந்நீரில் தம் முன்னோரை நினைத்து முழுகுகிறார்கள்.

அங்கெல்லாம் நீரின் சூடுதான் அதிசயம். செந்தில் என்னும் திருச்செந்தூரில் அதிசயம் நீரின் இனிப்பு. பனிமலையடியில் வாழ்கிறவனுக்கு வெந்நீர் எப்படியோ, அப்படித்தான் முத்துக் கடற்கரையில் வாழ்கிறவனுக்கு நன்னீர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும் உப்பளமும்தான். இக்கரையோரத்தில் கிணறு தோண்டினவர்களுக்குத் தெரியும்: பத்தடியில் தண்ணீர் வந்துவிடும், வாயில் வைக்க முடியாது.

அப்படிப்பட்ட கரையில், அலையின் சத்தம் காதில் விழும் தூரத்தில் நாழிக்கிணறு இருக்கிறது. சூரனை வென்ற பின் தாகத்தால் வாடிய படைகளுக்காக முருகன் வேலால் நிலத்தைக் குத்தி வருவித்த ஊற்று என்பது தலவரலாறு. சுமார் 24 அடி ஆழம். வாய் அகன்ற பெரிய கிணற்றுக்குள் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். மேல் படியில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். இறங்க இறங்கக் காற்று நின்று, ஈரக் கல்லின் வாடையும் நனைந்த துணிகளின் குளிர்ச்சியும் சூழும். கீழே, பெரிய கிணற்றின் தரையில், ஏறத்தாழ ஒரு சதுர அடி வாயுள்ள சின்னஞ்சிறு கிணறு. ஒரு செம்பை நுழைக்கலாம், அவ்வளவுதான். பெரிய கிணற்றில் தேங்கும் நீர் கலங்கலாகவும் உவர்ப்பாகவும் இருக்கும். சிறிய கிணற்று நீர் தெளிவு; நாக்கில் உப்பு தெரியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கல் விளிம்பு மட்டும். கடலில் குளித்ததில் விறைத்துப்போன தலைமுடி, அந்த நீரை இரண்டு முறை வார்த்ததும் இளகிவிடுகிறது. பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் வாயிலும் ஒரு கை நீர் விட்டு, “உப்புக் கரிக்குதாப்பா?” என்று கேட்பார்கள். பிள்ளை இல்லை என்று தலையாட்டியதும் கிழவிக்கு வருகிற பெருமிதம், தானே தோண்டிய கிணறு போல இருக்கும்.

இந்த அதிசயத்தை விளக்க முயல்வது பக்திக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. விளக்கம் தெரிந்தால்தான் இதைக் காப்பது எப்படி என்பதும் தெரியும்.

நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசானது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. ஆகவே கரையோர மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. அதன்மேல் மிதந்து நிற்கிறது. டச்சுப் பொறியாளர் பாடன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் இதைத் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி ஆழம் வரை அது கடல்நீரைத் தள்ளி வைத்திருக்கும். கரையோரக் கிணறுகள் இனிப்பதன் அடிப்படை இதுதான். நாழிக்கிணற்றில் இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. கோயில் நிற்பது வெறும் மணலில் அன்று. சுண்ணாம்பு கலந்த மணற்பாறையின் மேல். வள்ளிக் குகையைக் குடைந்திருப்பதும் இதே கடலோரக் குன்றில்தான். உள்நாட்டிலிருந்து பாறை இடுக்குகள் வழியே அழுத்தத்தோடு வரும் நீர் அந்தச் சிறு வாயில் மேலெழுகிறது. அது ஓயாமல் புதுப்பிக்கப்படுவதால் தெளிந்திருக்கிறது. சுற்றியுள்ள பெருங்கிணற்றிலோ நீர் தேங்குகிறது, ஆவியாகிறது, கடலாடி வருகிறவர்களின் உப்பும் அதில் கரைகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரு சுவை இருப்பதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

அந்த நீர் புறப்படும் இடம் எது என்பதற்கு மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்தே நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சில கல் தொலைவில் தேரிக்காடு இருப்பதைக் கவனிப்பதில்லை. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று விரியும் இச்செம்மணல் மேடுகள் தமிழகத்தின் வேறு கரைகளில் இவ்வளவு பெரிதாக இல்லை. காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவித்த மணல். இரும்புச் சத்து ஏறிச் சிவந்தது. கோடையில் அதன் மேல் வெறுங்காலோடு நடக்க இயலாது. மேலே பார்த்தால் பனையும் கொல்லாமரமும் உடைமரமுமாக வறண்டு கிடக்கும். ஆனால் அங்கே பெய்கிற மழையில் ஓடையாக ஓடி வீணாவது குறைவு. பெய்த இடத்திலேயே மணல் குடித்துவிடுகிறது. குடித்ததை மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், கடலை நோக்கி விட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்குக் கண்கண்ட சாட்சி மேலப்புதுக்குடி அருகே இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். செக்கச் சிவந்த மணல் மேடுகளுக்கு நடுவே, அவற்றின் அடிவாரத்தில், பச்சைச் சோலையும் நன்னீர்ச் சுனையும். செந்திலுக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சுனையையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பேன். அங்கே தரைக்கு மேலே தெரிவதுதான் நாழிக்கிணற்றில் தரைக்குக் கீழே நடக்கிறது. தேரியின் இன்னொரு பக்கம், காயாமொழியை அடுத்த கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டு என்னும் சடங்கு நடக்கும். வெட்டிய இளநீர் விழுந்த செம்மண்ணை அள்ளி முடிந்துகொண்டு மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மழைக்காலம் முடிந்து தேரி நிரம்ப நீர் குடித்திருக்கும் நேரம் அது. அந்த மண்ணை வணங்கியவர்கள் அதன் அருமை தெரியாமல் வணங்கவில்லை.

அந்த அருமை மிகப் பழைய காலத்திலும் தெரிந்தேயிருந்தது. தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதிய ஆய்வு தொல்லியல் மாணவர்களுக்குப் பாடம். மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் வட்டாரங்களில் சிறு கற்கருவிகளோடு வாழ்ந்த அந்த மனிதர்கள் இந்தச் செம்மேடுகளைத் தேடி வந்ததற்குக் கடல் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. கடல் குடிதண்ணீர் தராது.

புறநானூற்றின் 55ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். செந்திலில் நெடுவேள் உறையும் அகன்ற துறையில் பெருங்காற்று குவித்து வைத்த மணலைக் காட்டி, அம்மணலைவிடப் பல நாள் வாழ்க என்பது கருத்து. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு புலவர் கண்ணில் செந்தில் என்றதும் பட்டவை மூன்று: முருகன், நீராடும் துறை, காற்றுக் குவித்த மணல். கோபுரமும் மண்டபமும் அன்று இல்லை. இம்மூன்றும் இன்றும் இருக்கின்றன. மணல் இல்லாவிட்டால் நடுவில் உள்ள துறை வெறும் உப்புநீர்த் துறையாகவே இருந்திருக்கும்.

இக்கரையின் வரலாற்றில் நிலைத்து நின்றவை மிகக் குறைவு. சங்ககாலத்தில் முத்துக்குப் பேர்போன துறை கொற்கை. கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளுஸ் அதைக் கொல்கி என்று குறிக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போக, கொற்கை உள்நாட்டு ஊராகிவிட்டது. அதன் இடத்துக்குக் காயல் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம் அதுதான். அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அந்தக் காயலையும் வண்டல் மூடியது. 1870களில் கால்டுவெல் இரண்டு ஊர்களிலும் அகழ்ந்து பார்த்து எழுதியபோது, கடல் எங்கேயோ இருந்தது. பிறகு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறித் தூத்துக்குடி தலையெடுத்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அங்கேதான். 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

துறைமுகம் இப்படி இடம்பெயர்ந்தது என்றால், முத்து அடியோடு போய்விட்டது. பங்குனி, சித்திரையில் கடலுக்குள் இருக்கும் முத்துப் பார்களுக்குத் தோணி ஓட்டி, கல்லைக் காலில் கட்டி மூழ்கிச் சிப்பி எடுத்த முத்துச் சலாபம் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக நடந்தது 1961இல். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டிய நாளிலிருந்தே இயற்கை முத்தின் சந்தை ஆடத் தொடங்கியிருந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். அது அறிவியலுக்குப் பெரிய வெற்றி. பழைய சலாபம் மட்டும் திரும்பவில்லை.

கொற்கையும் காயலும் ஆற்று முகத்தை நம்பிய ஊர்கள். வண்டலால் அந்த முகம் தூர, அவற்றின் வாழ்வும் மாறிற்று. செந்தில் ஆற்றை நம்பவில்லை. பாறையை நம்பி நின்றது; தேரியிலிருந்து தரைக்குள் வருகிற நீரைக் குடித்தது. துறைகள் பெயர்ந்த காலமெல்லாம் இக்கோயில் நின்ற இடத்திலேயே நின்றதற்கு இறையருளைக் காரணமாகச் சொல்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அந்த அருள் பாறையாகவும் நீராகவும் இறங்கியிருக்கிறது என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

பாண்டியரும் நிலைபேற்றை அறிந்தே கொடுத்தார்கள். இரண்டாம் வரகுணனின் நீண்ட கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, இக்கோயிலில் இருக்கிறது. அரசன் கொடுத்த 1,400 காசுகளைக் கோயிலில் முடக்கி வைக்காமல் பல ஊர்ச்சபைகளிடம் பிரித்து ஒப்படைத்தார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 2,800 கலம். அதைக் கொண்டு ஆண்டு முழுவதும் பூசை. முதற்பணத்தில் கைவைக்காமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பது இந்த ஏற்பாடு. தேரியும் நாழிக்கிணறும் நடத்துகிற வரவுசெலவும் இதுவே: மணலுக்குள் இருக்கும் முதலைத் தொடாமல், மழை சேர்க்கும் வட்டியை மட்டும் கிணறு கொடுத்து வந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்து வைத்திருந்ததும், திருமேனிகளை அவர்கள் கொண்டுபோனதும், 1653இல் வடமலையப்பப் பிள்ளையன் கடலிலிருந்து அவற்றை மீட்டதாக உள்ள மரபும் பலரும் எழுதியவை. தேசிகமூர்த்தி சுவாமிகள் கட்டிய ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்குப் பக்கம் எழுந்ததும் அப்படியே. பழைய கோயிற்பணி உப்புக்காற்றில் அரிக்கப்பட்டு உதிர்ந்தபோது மௌன சுவாமிகள், வள்ளிநாயக சுவாமிகள், ஆறுமுக சுவாமிகள் என்று மூன்று துறவிகள் வழிவழியாகத் திருப்பணி செய்து 1941இல் குடமுழுக்கு முடித்தார்கள். கல்லையே தின்னும் காற்று இது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீரை நம்பித் துறவிகள் வந்த இடம் இக்கரையில் இது ஒன்றே அன்று. தெற்கே மணப்பாட்டில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. அதன் அடியில், அலை மோதும் இடத்தில் ஒரு குகை. 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் அதில் தங்கித் தவமிருந்தார். அவருக்கு முன் ஒரு சைவத் துறவி அங்கிருந்தார் என்பது ஊர்வழக்கு. அந்தக் குகையிலும் ஒரு நன்னீர்க் கிணறு. அதே பாறை, அதே தேரி, அதே நீர். இக்கரை மீனவரான பரதவர் மறை மாறிய பிறகும் அந்த நீரைக் கைவிடவில்லை. சிலுவைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அதைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். செந்திலிலும் அதையே செய்கிறோம்.

ஜப்பானில் போலவே குணம் தேடித் தங்குவது இங்கேயும் உண்டு. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரரைப் பெற்றோர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூக்கிவந்து இக்கோயிலில் கிடந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வாய் திறந்த பிள்ளை கந்தர் கலிவெண்பா பாடியது. இன்றும் கந்தசஷ்டி ஆறு நாளும் ஆயிரக்கணக்கானோர் கோயில் வளாகத்திலேயே விரதமிருந்து தங்குகிறார்கள். வைகறையில் கடல், பிறகு நாழிக்கிணறு, பிறகு இலைத் திருநீறு. அவர்களுக்கு இது தீர்த்த யாத்திரை, மருத்துவம் இரண்டுமே. தலபுராணம் 24 தீர்த்தங்களைப் பெயர்சொல்லி எண்ணுகிறது. பெரும்பாலானவை மணலுக்குள் மறைந்துபோயின. அண்மை ஆண்டுகளில் கடலரிப்பு கரையைப் பெயர்த்தபோது, தீர்த்தங்களின் பெயர் பொறித்த பழைய கற்கள் சில வெளியே தெரிந்தன. கந்த புட்கரணி என்னும் நாழிக்கிணறு மட்டும் அன்றாடப் புழக்கத்தில் எஞ்சியிருக்கிறது.

அதுவும் எத்தனை நாள் என்பதே என் கவலை. முன்சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கரையோர நிலத்தடி நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் அடியிலிருந்து கடல்நீர் 40 அடி மேலேறும். ஊருக்குள் விடுதிகள் பெருகுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆழ்துளைக் கிணறு. வைரவம் தருவை, புத்தன் தருவை போன்ற மழைக்காலத் தாழ்நிலங்கள் நிறைந்தால்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளில் உவர் குறையும். பல ஆண்டுகளில் அவை நிறைவதேயில்லை. 2007இல் சாத்தான்குளம் தேரியில் மணலைச் சலித்து டைட்டானியக் கனிமம் எடுக்கும் திட்டம் வந்து, மக்கள் எதிர்ப்பால் நின்றது. அன்று எதிர்த்தவர்கள் பனையையும் குடியிருப்பையும் பற்றியே பேசினார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் அந்தப் பனைகளே காரணம். எதிர்த்தவர்கள் காத்தது முருகனின் கிணற்றையும்தான்.

கோயில் வளாகத்தை விரிவாக்க 300 கோடி ரூபாய்ப் பணிகள் நடந்திருக்கின்றன. தங்குமிடமும் வரிசைக் கூடமும் வேண்டியவையே. வெயிலில் கைக்குழந்தையோடு நின்ற தாய்மாருக்கு அவற்றின் அருமை தெரியும். இவ்வளவு செய்கிறவர்கள் இன்னும் ஒரு சிறு வேலையையும் செய்யலாம். நாழிக்கிணற்றின் நீர்மட்டத்தையும் உப்பளவையும் மாதம் ஒருமுறை அளந்து, கோயில் ஏட்டில் எழுதி வைக்கட்டும். கூடவே அருஞ்சுனையிலும் மணப்பாட்டுக் குகைக் கிணற்றிலும் அதே நாளில் அளக்கட்டும். ஒரு சிறு கருவியும் பொறுப்பான ஓர் ஊழியரும் போதும். வரகுணன் காலத்தில் வட்டி நெல்லுக்குக் கணக்கு எழுதிய கோயிலுக்கு இது புதிய வேலை ஆகாது. அடுத்த குடமுழுக்கு மலரில், திருப்பணி உபயதாரர் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில், அந்த அட்டவணை முழுவதும் அச்சாக வேண்டும்.